லைப்ரரி இருக்கிறது, லிங்கருக்குத் தெரியவில்லை: வாசகர் கேள்வி – பதில்

நிரல் எழுதும் வாசகர்கள் அண்மையில் அனுப்பிய கடிதங்களில் பல ஒரே இடத்தில் வந்து நின்றிருக்கின்றன. வெளியிலிருந்து இறக்கிய லைப்ரரி (பிறர் எழுதிவைத்த செயற்கூறுகளின் தொகுப்பு) ஒன்றைத் தங்கள் எடிட்டரில் இணைக்க முடியாமல் தவிக்கும் கடிதங்கள் அவை. அவரவர் மொழியும் எடிட்டரும் வேறாக இருந்தாலும் தடுமாற்றம் ஒன்றாகவே இருப்பதால், இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, கோட்பிளாக்ஸ் எடிட்டரில் சி++ கற்று வருகிறேன். சிறிய விளையாட்டு ஒன்றைச் செய்து பார்க்க எஸ்.எஃப்.எம்.எல். லைப்ரரியை இறக்கி, ஒரு காணொளியில் பார்த்தபடி அதன் ‘இன்க்லூட்’ கோப்புறையை எடிட்டருக்குக் காட்டிவிட்டேன். அதுவரை வந்துகொண்டிருந்த ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்ற பிழை போய்விட்டது. ஆனால் இப்போது ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்று முப்பது நாற்பது வரிகள் வருகின்றன. மூன்று நாள்களாக அழித்து அழித்து மறுபடி இறக்கிப் பார்க்கிறேன். நான் இறக்கிய லைப்ரரியே பழுதானதா?

பதில்: லைப்ரரியில் பழுதில்லை, மறுபடி இறக்குவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பிழைச் செய்தி மாறியிருப்பதைக் கவனித்தீர்கள் அல்லவா? நீங்கள் ஒரு கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள் என்பதற்கு அதுவே சான்று.

‘பில்ட்’ பொத்தானை அழுத்தும்போது எடிட்டரே எல்லாவற்றையும் செய்து முடிப்பதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் எடிட்டர் கம்பைலரைக் கூப்பிடுகிறது, கம்பைலர் தன் வேலையை முடித்ததும் லிங்கர் வருகிறது, எல்லாம் முடிந்து நிரலை ஓட்டும்போது இயங்குதளம் வருகிறது. இந்த மூவரும் லைப்ரரியின் வெவ்வேறு பாகங்களைத் தேடுகிறார்கள். ஒருவரிடம் சொன்ன முகவரி அடுத்தவருக்குத் தெரியாது. இந்தப் பக்கத்தில் வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை இதில்தான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கம்பைலருக்கு வேண்டியவை ஹெடர் கோப்புகள் மட்டுமே. ‘இந்தப் பெயரில் ஒரு செயற்கூறு உண்டு, அதற்கு இன்ன மதிப்புகளைக் கொடுக்க வேண்டும், அது இன்னதைத் திருப்பித் தரும்’ என்ற அறிவிப்பு ஹெடரில் இருக்கிறது. கம்பைலர் அந்த அறிவிப்பை நம்பி உங்கள் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றிவிட்டு, லைப்ரரியின் செயற்கூறு வர வேண்டிய இடங்களை வெற்றாக விட்டுவைக்கிறது. அவற்றை நிரப்பும் பொறுப்பு லிங்கருடையது. லிங்கருக்கு அறிவிப்பு போதாது. செயற்கூறின் உடலோ, அந்த உடல் எந்த டி.எல்.எல். கோப்பில் (நிரல் ஓடும்போது ஏற்றப்படும் லைப்ரரிக் கோப்பு) இருக்கிறது என்ற குறிப்போ வேண்டும். அவை லைப்ரரியின் ‘லிப்’ கோப்புறையில் உள்ள கோப்புகளில் இருக்கின்றன. அந்தக் கோப்புறையை நீங்கள் இன்னும் யாருக்கும் காட்டவில்லை. அதனால்தான் லிங்கர் நிரப்ப முடியாத ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் ஒரு வரி வீதம் முறையிடுகிறது. (விஷுவல் ஸ்டுடியோ பயன்படுத்துபவர்களுக்கு இதே குறை எல்.என்.கே.2019 என்ற எண்ணோடு வரும்.)

கோட்பிளாக்ஸின் ‘புராஜெக்ட்’ பட்டியலில் ‘பில்ட் ஆப்ஷன்ஸ்’ பகுதியைத் திறங்கள். அதன் இடப்புறத்தில் உங்கள் புராஜெக்டின் பெயரும், அதற்குக் கீழே ‘டீபக்’ (பிழை தேடுவதற்கான தொகுப்பு), ‘ரிலீஸ்’ (வெளியிடுவதற்கான தொகுப்பு) என்ற இரு பெயர்களும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே உள்ள புராஜெக்ட் பெயரைத் தேர்ந்துகொண்ட பிறகே கோப்புறைகளின் பாதைகளைச் சேர்க்க வேண்டும். ‘டீபக்’கில் மட்டும் சேர்த்துவிட்டு ‘ரிலீஸ்’ ஏன் ஓடவில்லை என்று திகைப்பவர்கள் பலர். ‘சர்ச் டைரக்டரீஸ்’ பகுதியில் கம்பைலருக்கு ‘இன்க்லூட்’ கோப்புறையையும் லிங்கருக்கு ‘லிப்’ கோப்புறையையும் தனித்தனியாகக் கொடுங்கள். அதன் பிறகும் வேலை முடிவதில்லை. ‘லிப்’ கோப்புறையில் பல கோப்புகள் இருக்கும், அவற்றில் எது வேண்டும் என்று லிங்கர் தானாக ஊகிக்காது. ஆகவே ‘லிங்கர் செட்டிங்ஸ்’ பகுதியில் எஸ்.எஃப்.எம்.எல்.-கிராஃபிக்ஸ், எஸ்.எஃப்.எம்.எல்.-விண்டோ, எஸ்.எஃப்.எம்.எல்.-சிஸ்டம் என்ற மூன்று பெயர்களையும் இதே வரிசையில் எழுத வேண்டும்.

வரிசையை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோட்பிளாக்ஸோடு வரும் மின்ஜிடபிள்யூ தொகுப்பின் லிங்கர், பெயர்களை இடமிருந்து வலமாக ஒருமுறை படித்துக்கொண்டு போகிறது. அதுவரை கேட்கப்பட்டுக் கிடைக்காத செயற்கூறுகளை மட்டுமே அடுத்த லைப்ரரியில் தேடுகிறது. கிராஃபிக்ஸ் பகுதி விண்டோ பகுதியை நம்பியிருக்கிறது, விண்டோ பகுதி சிஸ்டம் பகுதியை நம்பியிருக்கிறது. நம்பியிருப்பது முதலிலும் நம்பப்படுவது பின்னாலும் வர வேண்டும். பெயர்கள் எல்லாம் சரியாக இருந்தும் பிழை தீராத புராஜெக்டுகள் பல, வரிசையை மாற்றியதும் சரியாகியிருக்கின்றன.

இவ்வளவும் செய்த பிறகும் அதே முப்பது வரிகள் வந்தால், உங்கள் கம்பைலரும் லைப்ரரியைத் தொகுத்த கம்பைலரும் வேறு வேறாக இருக்க வேண்டும். சி++ கம்பைலர்கள் ஒவ்வொரு செயற்கூறுக்கும், அதன் பெயரையும் அது ஏற்கும் மதிப்புகளின் வகையையும் சேர்த்து உள்பெயர் ஒன்றை உருவாக்குகின்றன. மைக்ரோசாஃப்ட் கம்பைலர் உருவாக்கும் உள்பெயரும் மின்ஜிடபிள்யூ உருவாக்கும் உள்பெயரும் ஒன்றல்ல. ஆகவே ஒன்றுக்காகத் தொகுத்த லைப்ரரியில் மற்றொன்று தேடினால் எதுவும் கிடைக்காது. இறக்கும் பக்கத்தில் விஷுவல் சி++, ஜிசிசி மின்ஜிடபிள்யூ, 32 பிட், 64 பிட் என்று பல தொகுப்புகளைத் தனித்தனியே வைத்திருப்பது இதனால்தான். மின்ஜிடபிள்யூவுக்கான எஸ்.எஃப்.எம்.எல். தொகுப்பில், மின்ஜிடபிள்யூவின் கம்பைலரான ஜிசிசியின் பதிப்பு எண்ணும் பொருந்த வேண்டும்.

ஒன்றை மட்டும் கூடுதலாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்.எஃப்.எம்.எல். லைப்ரரியின் 3ஆம் பதிப்பு 2024 டிசம்பரில் வெளிவந்தது. அதற்கு சி++17 தேவை. விசை அழுத்தம், சுட்டி நகர்வு போன்ற நிகழ்வுகளைப் பெறும் முறையும் அதில் மாறிவிட்டது. நீங்கள் பார்த்த காணொளி அதற்கு முந்தையது என்றால், அதிலுள்ள நிரல் 3ஆம் பதிப்போடு தொகுக்கும்போது வேறு பிழைகளைத் தரும். கற்கும் காலத்தில் பாடம் எந்தப் பதிப்பை வைத்து எழுதப்பட்டதோ அதே பதிப்பை இறக்கிக்கொள்வதே நல்லது.

கேள்வி: விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரில், அமைப்புக் கோப்பில் ஹெடர் கோப்புறையின் பாதையைச் சேர்த்ததும் நிரலின் கீழிருந்த சிவப்புக் கோடு மறைந்துவிட்டது. ஆனாலும் தொகுக்கும்போது ‘ஹெடர் கோப்பைக் காணோம்’ என்றே வருகிறது. எடிட்டருக்குத் தெரிந்த கோப்பு கம்பைலருக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

பதில்: மேலே மூவர் என்று சொன்னேன்; உங்கள் எடிட்டரில் நான்காவதாக ஒருவர் இருக்கிறார். நீங்கள் தட்டச்சு செய்யும்போதே பின்னால் இருந்து படித்து, பெயர்களை நிறைவு செய்து கொடுத்து, தவறென்று பட்ட இடத்தில் சிவப்புக் கோடு போடும் ‘இன்டெலிசென்ஸ்’ என்ற வசதி அது. ‘சி_சிபிபி_புராப்பர்ட்டீஸ்’ என்ற கோப்பில் நீங்கள் சேர்த்த பாதை அதற்கு மட்டுமே உரியது. விஷுவல் ஸ்டுடியோ கோட் தன்னோடு கம்பைலர் எதையும் கொண்டுவருவதில்லை. கணினியில் நீங்கள் தனியாக நிறுவிய கம்பைலரை, ‘டாஸ்க்ஸ்’ என்ற மற்றொரு கோப்பில் எழுதியிருக்கும் கட்டளைப்படி கூப்பிடுகிறது. அந்தக் கட்டளையில் உங்கள் பாதை இல்லை.

ஆகவே ‘.விஎஸ்கோட்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘டாஸ்க்ஸ்’ கோப்பைத் திறந்து, கம்பைலருக்குப் போகும் சொற்களின் பட்டியலில் மூன்றைச் சேருங்கள்: கழித்தல் குறியோடு பெரிய ‘ஐ’ எழுத்தும் ஹெடர் கோப்புறையின் பாதையும், கழித்தல் குறியோடு பெரிய ‘எல்’ எழுத்தும் லிப் கோப்புறையின் பாதையும், கழித்தல் குறியோடு சிறிய ‘எல்’ எழுத்தும் லைப்ரரியின் பெயரும். கடைசியில் சொன்னது, உங்கள் நிரல் கோப்பின் பெயருக்குப் பின்னால் வர வேண்டும். லைப்ரரியின் பெயரை எழுதும்போது கோப்புப் பெயரின் முன்னால் உள்ள ‘லிப்’ என்ற மூன்றெழுத்தையும் பின்னால் உள்ள ‘.ஏ’ என்ற ஒட்டையும் விட்டுவிட வேண்டும். அவற்றை லிங்கரே சேர்த்துக்கொள்ளும். ஒவ்வொரு சொல்லும் தனி மேற்கோள் குறிக்குள் இருக்கட்டும். விண்டோஸ் பாதைகளில் வரும் பின்சாய்வுக் கோட்டை இந்தக் கோப்பில் இரட்டையாக எழுத வேண்டும். அல்லது முன்சாய்வுக் கோட்டைப் பயன்படுத்திவிடலாம்.

இதற்கு நேர்மாறான நிலையும் வரும். நிரல் நன்றாகத் தொகுக்கப்பட்டு ஓடும், ஆனால் சிவப்புக் கோடு மட்டும் போகாது. அப்போது திருத்த வேண்டியது ‘சி_சிபிபி_புராப்பர்ட்டீஸ்’ கோப்பை.

கேள்வி: ஒரு பிழைகூட இல்லாமல் என் நிரல் தொகுக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஓட்டினால், ஒரு டி.எல்.எல். கோப்பைக் காணவில்லை என்று சிறு சாளரம் எழுகிறது. நண்பர் சொன்னபடி அந்தக் கோப்பை இணையத்தில் தேடி இறக்கி நிரலின் அருகில் வைத்தேன். இப்போது ‘சி000007பி’ என்று முடியும் எண்ணோடு வேறொரு பிழை வருகிறது.

பதில்: நண்பர் சொன்னதில் பாதி சரி. கோப்பை நிரலின் அருகில் வைக்க வேண்டும் என்பது சரி. இணையத்தில் தேடி இறக்க வேண்டும் என்பது தவறு. அந்தக் கோப்பு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. லைப்ரரியை இறக்கியபோது வந்த தொகுப்பில் ‘பின்’ என்ற கோப்புறையைத் திறந்து பாருங்கள்.

டி.எல்.எல். என்பது நிரல் ஓடத் தொடங்கும் நேரத்தில் இயங்குதளம் நினைவகத்தில் ஏற்றும் லைப்ரரி. விண்டோஸ் அதைப் பெரும்பாலும் நிரலின் ‘.இஎக்ஸ்இ’ கோப்பு இருக்கும் கோப்புறையில் முதலில் தேடுகிறது, அதன் பிறகு தன் சொந்தக் கோப்புறைகளிலும், இறுதியாகப் ‘பாத்’ மாறியில் எழுதப்பட்ட இடங்களிலும் தேடுகிறது. எடிட்டரில் நீங்கள் கொடுத்த ‘லிப்’ பாதையை அது பார்ப்பதே இல்லை.

‘சி000007பி’ எண்ணைப் பெரும்பாலும் 32 பிட் நிரலும் 64 பிட் டி.எல்.எல். கோப்பும், அல்லது மாறாகவும், ஒன்றாகச் சேரும்போதுதான் காண்கிறோம். பெயர் ஒன்றாக இருப்பதால் கண்ணால் பார்த்து வேறுபாடு அறிய முடியாது. நானும் தொடக்கக் காலத்தில் இந்த ஒரே எண்ணைப் பார்த்துக்கொண்டு இரண்டு முழு நாள்களைச் செலவிட்டிருக்கிறேன். கோப்பு இருக்கிறது, பெயர் சரியாக இருக்கிறது, ஆனாலும் ஓடவில்லை என்றால் மனம் எங்கெங்கோ போய்விடுகிறது. இணையத்தில் கிடைத்த கோப்பை அழித்துவிட்டு, நீங்கள் இணைத்த அதே தொகுப்பின் ‘பின்’ கோப்புறையிலிருந்து எடுத்து வையுங்கள். டி.எல்.எல். கோப்புகளைத் தனியாக வழங்கும் தளங்களை அறவே தவிர்த்துவிடுங்கள்; அந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது, அதில் யார் எதைச் சேர்த்தார்கள் என்பதை அறிய வழியில்லை, ஆனால் அது உங்கள் நிரலுக்குள்ளேயே ஓடும்.

லினக்ஸில் இந்தத் தேடல் வேறு விதம். நிரலின் அருகில் வைத்தால் மட்டும் போதாது, இயல்பாக அங்கே தேடப்படுவதில்லை. ‘எல்டிடி’ என்ற கட்டளையை உங்கள் நிரலின் பெயரோடு கொடுத்தால் எந்தெந்த லைப்ரரி கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்ற பட்டியல் வரும். லைப்ரரியை நீங்களே தொகுத்துப் பொதுக் கோப்புறையில் நிறுவியிருந்தால் ‘எல்டிகான்ஃபிக்’ கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: டி.எல்.எல். கோப்புகள் எல்லாவற்றையும் ‘சிஸ்டம்32’ கோப்புறையில் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது அல்லவா?

பதில்: தீராது, பெருகும். 64 பிட் விண்டோஸில் ‘சிஸ்டம்32’ என்ற கோப்புறையில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் ‘சிஸ்வாவ்64’ என்ற கோப்புறையில் இருக்கின்றன. பெயரை நம்பிப் போட்டவர்கள் முந்தைய கேள்வியில் சொன்ன பிழைக்கே வந்து சேர்கிறார்கள். மேலும், ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் இரண்டு புராஜெக்டுகளுக்குத் தேவைப்படும் நாளில் பொதுக் கோப்புறையில் ஒன்றுக்குத்தான் இடமிருக்கும்.

கேள்வி: பைத்தானில் ஓப்பன்சிவி லைப்ரரியை ‘பிப்’ என்ற நிறுவும் கருவி மூலம் நிறுவினேன். ‘ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது’ என்று முனையம் சொல்கிறது. ‘அப்படியொரு மாட்யூல் இல்லை’ என்று எடிட்டர் சொல்கிறது. யாரை நம்புவது?

பதில்: இருவரும் உண்மையையே சொல்கிறார்கள், இருவரும் பேசுவது வெவ்வேறு பைத்தானைப் பற்றி. ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தான்கள் இருப்பது மிகச் சாதாரணம்: இயங்குதளத்தோடு வந்தது ஒன்று, நீங்கள் நிறுவியது ஒன்று, அனகோண்டா போன்ற தொகுப்பு கொண்டுவந்தது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லைப்ரரிக் கோப்புறை உண்டு. எடிட்டரில் ‘சிஸ்’ மாட்யூலை இறக்குமதி செய்து அதன் ‘எக்சிக்யூட்டபிள்’ மதிப்பை அச்சிடுங்கள். முனையத்திலும் அதையே செய்யுங்கள். இரண்டு பாதைகளும் வேறாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ‘பி’ விசைகளைச் சேர்த்து அழுத்தி, ‘பைத்தான்: செலக்ட் இன்டர்பிரெட்டர்’ என்பதில் சரியான பைத்தானைத் தேர்ந்துகொள்ளலாம். நிறுவும்போது ‘பிப்’ என்று தனியாகத் தொடங்காமல் ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்’ என்று எழுதிப் பழகுங்கள். எந்தப் பைத்தானைக் கூப்பிடுகிறீர்களோ அதற்கே லைப்ரரி போய்ச் சேரும்.

இதைவிட நல்ல வழி, ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனிச் சூழல் ஒன்றை உருவாக்கிக்கொள்வது. அதற்கான ‘வென்வ்’ வசதி 2012இல் வந்த பைத்தான் 3.3 பதிப்பிலிருந்தே உடன் வருகிறது. டெபியன் 12, உபுண்டு 23.04 ஆகியவற்றிலும் அவற்றுக்குப் பின் வந்த பதிப்புகளிலும் இயங்குதளத்தின் பைத்தானில் நேராக ‘பிப்’ கொண்டு நிறுவ முயன்றால் மறுக்கப்படும். அந்த மறுப்பை மீறும் வழியை இணையத்தில் தேடாமல் தனிச் சூழலை உருவாக்குங்கள். இயங்குதளத்தின் கருவிகளில் சில அந்தப் பைத்தானை நம்பியே ஓடுகின்றன.

ஓப்பன்சிவி என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிறுவும் பெயரும் நிரலில் அழைக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற விதி பைத்தானில் இல்லை. நிறுவுவது ‘ஓப்பன்சிவி-பைத்தான்’, அழைப்பது ‘சிவி2’. அதுபோலவே ‘பில்லோ’வை நிறுவி ‘பிஐஎல்’ என்று அழைக்கிறோம். பெயரை ஊகித்து நிறுவாமல் லைப்ரரியின் ஆவணத்தில் பார்த்து நிறுவுங்கள். புகழ்பெற்ற பெயர்களில் ஓரிரு எழுத்துகளை மாற்றித் தீய நிரல்களை ஏற்றிவைத்த நிகழ்வுகள் பொதுக் களஞ்சியங்களில் பலமுறை நடந்திருக்கின்றன. உங்கள் நிரல் கோப்புக்கு ‘சிவி2.பிஒய்’ என்று நீங்களே பெயரிட்டிருந்தாலும் பைத்தான் லைப்ரரியை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும் என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: எக்லிப்ஸ் எடிட்டரில், சாளரங்களையும் பொத்தான்களையும் உருவாக்க உதவும் ஜாவாஎஃப்எக்ஸ் லைப்ரரியின் ‘ஜார்’ கோப்புகளை ‘பில்ட் பாத்’தில் சேர்த்தேன். நிரலில் பிழை ஏதுமில்லை. ஓட்டினால் ‘ஜாவாஎஃப்எக்ஸ் ரன்டைம் பாகங்கள் இல்லை’ என்று வருகிறது. பழைய பாடநூலில் இப்படியெல்லாம் சொல்லவே இல்லையே?

பதில்: பாடநூல் எழுதப்பட்ட காலத்தில் ஜாவாஎஃப்எக்ஸ் ஜாவாவோடே வந்துகொண்டிருந்தது. 2018இல் வெளிவந்த ஜாவா 11 முதல் அது தனி லைப்ரரியாகிவிட்டது. அதோடு, 2017இல் ஜாவா 9 கொண்டுவந்த மாட்யூல் முறைப்படி, பழைய ‘கிளாஸ் பாத்’ தவிர ‘மாட்யூல் பாத்’ என்ற இன்னொரு தேடும் வழியும் இருக்கிறது. நீங்கள் ‘பில்ட் பாத்’தில் சேர்த்தது தொகுப்பதற்குப் போதுமானது. ஓட்டுவதற்கு, ‘ரன் கான்ஃபிகரேஷன்ஸ்’ பகுதியில் உள்ள ‘விஎம் ஆர்கியுமென்ட்ஸ்’ கட்டத்தில் மாட்யூல் பாத்தாக ஜாவாஎஃப்எக்ஸின் ‘லிப்’ கோப்புறையையும், சேர்க்க வேண்டிய மாட்யூலாக ‘ஜாவாஎஃப்எக்ஸ்.கன்ட்ரோல்ஸ்’ என்பதையும் கொடுங்கள். திரை வடிவமைப்பை எஃப்எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதியிருந்தால் அதற்கான மாட்யூலையும் சேர்க்க வேண்டும்.

கேள்வி: எல்லாம் சரியாக ஓடிய என் புராஜெக்டைத் தோழிக்கு அனுப்பினேன். அவருடைய கணினியில் முதல் வரியிலேயே பிழை. லைப்ரரியையும் அவர் நிறுவிவிட்டார்.

பதில்: உங்கள் அமைப்புக் கோப்புகளைத் திறந்து பாருங்கள், லைப்ரரியின் பாதை ‘சி’ டிரைவில் தொடங்கி உங்கள் பயனர் பெயர் வழியாகப் போகும். அந்தப் பெயரில் ஒரு கோப்புறை அவருடைய கணினியில் இல்லை. புராஜெக்டுக்குள் லைப்ரரிகளுக்கென்று ஒரு கோப்புறையை வைத்து, புராஜெக்ட் இருக்கும் இடத்திலிருந்து தொடங்கும் சார்புப் பாதையைக் கொடுத்தால் இந்தச் சிக்கல் எழாது. எக்லிப்ஸில் ‘ஆட் எக்ஸ்டர்னல் ஜார்ஸ்’ என்பதற்குப் பதில், கோப்பைப் புராஜெக்டுக்குள் வைத்துவிட்டு ‘ஆட் ஜார்ஸ்’ என்பதைப் பயன்படுத்துங்கள்.

லைப்ரரிகள் நான்கைந்தைத் தாண்டினால் கையால் சேர்ப்பதை விட்டுவிட்டு, தேவையானவற்றின் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒரு கோப்பில் எழுதிவைத்து, இறக்கும் வேலையைக் கருவியிடம் ஒப்படைப்பதே என் பரிந்துரை. பைத்தானில் ‘ரிக்வயர்மென்ட்ஸ்’ கோப்பு, ஜாவாவில் மேவன், சி++ மொழியில் சிமேக்கும் 2016இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விசிபிகேஜியும் இதற்காகவே இருக்கின்றன. பதிப்பு எண்ணை எழுதாமல் பெயரை மட்டும் எழுதினால், இன்று உங்களுக்கு ஒரு பதிப்பும் ஆறு மாதம் கழித்துத் தோழிக்கு வேறொரு பதிப்பும் கிடைக்கும்.

பைத்தானின் ‘வென்வ்’ கோப்புறையை மட்டும் அப்படியே அனுப்பாதீர்கள். அதற்குள்ளும் உங்கள் கணினியின் முழுப் பாதைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அவர் தன் கணினியில் புதிதாக உருவாக்கிக்கொள்ளட்டும். அடுத்த முறை அனுப்புவதற்கு முன், புராஜெக்ட் கோப்புறையை உங்கள் கணினியிலேயே வேறொரு இடத்துக்கு நகலெடுத்து, பழைய இடத்தில் இருப்பதன் பெயரை மாற்றிவிட்டு, நகலைத் திறந்து முழுவதுமாக மறுபடி தொகுத்துப் பாருங்கள். புராஜெக்டுக்குள்ளேயே சுட்டும் முழுப் பாதை ஏதேனும் எஞ்சியிருந்தால் அங்கேயே பிழை காட்டிவிடும். புராஜெக்டுக்கு வெளியே வைத்த லைப்ரரிகளை மட்டும் அமைப்புக் கோப்பில் கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.